வாப்பாவின் முன்னறை

"இவ்வளவு பெரிய ஊட்டக் கட்டி ஆருக்கு எழுதின?"

கிஸாவில், பெரிய பிரமிட்டின் அடியில் நின்றுகொண்டு என் வாப்பா கேட்ட முதல் கேள்வி இது. எகிப்திய வழிகாட்டி தாரிக் ஆங்கிலத்தில் விளக்குவார். எங்களை மக்காவுக்கு உம்றா யாத்திரை அழைத்துவந்த மௌலவி முஹம்மட் ஹஸ்ரத் அதைத் தமிழில் சொல்வார். ஏற்பாடு அப்படி. இந்தக் கேள்வியை ஹஸ்ரத் தாரிக்கிடம் கொண்டுபோகவில்லை, தானே பதில் சொன்னார்.

"அசனார் காக்கா, இது ஊடில்ல. கபுறு."

"கபுறுக்கு என்னத்துக்கு வாசல்?"

குழு சிரித்தது. நான் தாரிக்கிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். யாருக்கும் எழுதவில்லை, தனக்காகத்தான் கட்டினார், அரசனான நாளிலிருந்து கட்டினார் என்றார்.

"தனக்கா? அவனுக்குப் பொம்புளப் புள்ள இல்லியா?"

"இருந்தாங்களாம் வாப்பா. அவங்களுக்கு இந்தா, பக்கத்துல சின்னச் சின்னதா."

"மருமகன்மார் சும்மாவா உட்டானுகள்?"

வாப்பா பகிடிக்குக் கேட்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடிக்காரர் எவருக்கும் இந்தக் கேள்வி புரியும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்ததும் தகப்பன் கல் சேர்க்கத் தொடங்குவார். நிக்காஹ்வுக்கு முன் வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றோர் அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டைக் கட்டி அதற்குள் போவார்கள். கடைசி மகளுக்கும் எழுதிய பிறகு போவதற்கு வீடு இல்லை. இதைக் கடமை என்பார்கள். நான் கட்டட அளவீட்டாளர், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். கட்டியவருக்குக் குடியிருக்கும் உரிமை இல்லாத கட்டடத்தை என் தொழிலில் வேறு பெயர் சொல்லி அழைப்போம். கூலி வேலை.

வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். ஸஹீதா, ஸுஹைனா, கடைசி நான், நிஸ்றா. வாப்பா பெட்சீற்றும் நுளம்பு வலையும் விற்றவர். வேனில் ஏற்றிக்கொண்டு செங்கலடிச் சந்தியில் திரும்பி, பதுளை வீதியில் மகா ஓயாப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களுக்குப் போவார். வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்பார். இருட்டினால் வேனுக்குள்ளேயே மூட்டைகளின் மேல் படுப்பார். மூன்று வீடு கட்டிய மனிதர் வாழ்நாளின் பாதியை வேனில் தூங்கினார். இதைச் சொல்லிக் காட்டினால், "எல்லாம் பெட்டி பிரிக்காத புதுச் சீற்று மகள். எந்த ராசாவுக்குக் கிடைக்கும்?" என்பார்.

முதல் வீடு வாவிப் பக்கம், ஸஹீதாவுக்கு. இரண்டாவது கடற்கரைப் பக்கம். அதைச் சுனாமி உடைத்தது, வாப்பா மறுபடி கட்டினார். அது ஸுஹைனாவுக்கு. மூன்றாவது பிரதான வீதியில். அந்த வீட்டின் வரைபடத்தை நான் போட்டேன். வீதியைப் பார்த்த முன்னறையை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என்று போட்டேன். கட்டிலில் படுத்தபடி ஜன்னலால் பார்த்தால் வேன் தெரியும். உம்மா அந்த அறையில்தான் மௌத்தானார்.

பிறகு எனக்கு இஷாமைப் பேசினார்கள். கைத்தொலைபேசி திருத்துபவர். நல்லவர் என்றார்கள், அது பொய்யில்லை. அவருடைய தாய் ஒன்றே ஒன்று கேட்டார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் வில்லங்கம் எதுவும் இருக்கக் கூடாது. நானும் ஒன்றே ஒன்று கேட்டேன். வாப்பாவுக்குச் சீவிய உரித்து வைக்க வேண்டும். அதாவது, வீடு என் பெயருக்கு வந்தாலும் சாகும்வரை அவர் அதில் இருக்கலாம், எவரும் எழுப்ப முடியாது என்று உறுதியில் ஒரு வரி. உறுதி எழுதும் நொத்தாரிசு அந்த வரியை எழுதியே வைத்திருந்தார். வாப்பாவின் சம்மதத்தைக் கேட்டேன்.

"உம்றாவுக்குப் போய்ட்டு வந்து பாப்பம்" என்றார்.

இறந்துபோன உம்மாவின் பெயரில் ஒரு உம்றா செய்ய வேண்டும் என்று அவர் நிய்யத்து வைத்திருந்தார். மக்கா, மதீனா, வரும் வழியில் எகிப்து. போய்வருவதற்குள் அந்த வரிக்குச் சம்மதம் வாங்கிவிடலாம் என்று நான் கூடப் போனேன்.

பிரமிட்டுக்கு வந்த அன்று குழுவில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அல்லாஹ்வின் தண்டனை இறங்கிய ஆட்களின் இடம், அழுதுகொண்டுதான் நுழைய வேண்டும் என்று ஏறாவூர் அம்னா மாமி எச்சரித்தார். பிறகு அவரே இறங்கினார். கொஞ்சம் அழுதார். ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"மூஸா நபிட காலத்து பிர்அவ்ன் எதுக்குள்ள இரிக்கான்?" என்று கேட்டார்.

இது வேறு அரசன், அவனைவிட மிகப் பழையவன் என்று தாரிக் சொன்னார்.

"அப்ப நம்மட ஆள்?"

"பின்னேரம், மியூசியத்துல" என்றார் ஹஸ்ரத்.

"இத முதல்லயே சொல்லப்படாதா? கண்ணீரு வீணாப் போச்சி."

ஒட்டகக்காரன் ஒருவன் இலவசம் என்று வாப்பாவின் கையில் ஒரு சால்வையை வைத்தான். வாப்பா அதை விரித்தார். இழையை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். மடித்து அவன் தோளிலேயே போட்டார். "தம்பி, இது நான் மகா ஓயாவுல பாத்த வேல" என்றார் தமிழில். அவன் சிரித்தான். புரிந்திருக்க வேண்டும்.

உள்ளே போக வேறு டிக்கட். வாப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, முழங்கால் வலி. நான் வேண்டாம் என்றேன்.

"அவன்ட அறைய ஒருக்காப் பாக்கணும்."

வழிகாட்டிகள் உள்ளே விளக்கம் சொல்ல அனுமதி இல்லை என்று தாரிக் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே ஒடுங்கிய பாதை, குனிந்தபடியே ஏற வேண்டும். காலுக்குப் பலகையும் அதில் இரும்புச் சட்டமும் அடித்திருந்தார்கள். முன்னால் போனவர்களின் வியர்வை மணம். பாதி வழியில் வாப்பா பலகையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் இடுப்பைப் பிடித்து ஏற்றினேன்.

மேலே ஓர் அறை. கருங்கல். சுவரில் எழுத்து இல்லை, படம் இல்லை. ஒரு பக்கத்தில் மூடியில்லாத கற்பெட்டி, மூலை உடைந்தது. ஒரு கட்டடத்தைப் பார்த்தால் பயன்படும் தளப்பரப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது என் வேலைப் பழக்கம். இந்தக் கல்மலை முழுவதையும் இந்த ஓர் அறைக்காகத்தான் அடுக்கியிருந்தார்கள். எந்த வாடிக்கையாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

வாப்பா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆள் எங்க?"

"இல்ல வாப்பா. எப்பவோ கள்ளன்மார் எடுத்திருப்பாங்க. ஆருக்கும் தெரியா."

"இவ்வளவு கல்ல வெச்சி அடச்சுமா?"

"ஓம்."

பெட்டியின் விளிம்பைக் கையால் தடவினார். பிறகு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். ஒன்றும் விலைபோகாத வீட்டு வாசலில் மூட்டையைக் கட்டும்போது அப்படித்தான் சிரிப்பார்.

வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நேரம் சரி என்று நினைத்தேன்.

"வாப்பா, அந்த முன்னறை விஷயம்..."

"அந்த வரிய வெட்டச் சொல்லு மகள்."

"ஏன்?"

"பாத்தாய்தானே. மலையக் கட்டி அறைய வெச்சான். அவனுக்கே நிக்கல்ல. நான் ஒரு வரிய எழுதி என்னத்தப் புடிச்சி வெக்கிற?"

"அவன் மௌத்தாப் போனவன். நீங்க உசிரோட இரிக்கிங்க."

"மாப்பிளட உம்மாக்கு மனத்தாங்கல் வாணாம்."

"கட்டினது நீங்க வாப்பா."

"கட்டினவன் எல்லாம் வெளியதான் மகள். இதுக்குக் கல் இழுத்தவன் உள்ளயா படுத்தான்?"

அரசனைப் பார்த்தாவது தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று அவருக்குத் தோன்றும் என நினைத்திருந்தேன். அவர் கல் இழுத்தவன் பக்கம் போய் நின்றுவிட்டார்.

தாரிக் எங்களைப் பப்பைரஸ் தாளில் படம் வரைந்து விற்கும் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரன் தேநீர் கொடுத்தான், நலம் விசாரித்தான். "இவனுக்கும் வழிகாட்டிக்கும் பங்கு இரிக்கி" என்று வாப்பா என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு படம் வாங்கினார்.

"தெரிஞ்சிக்கிட்டு ஏன் வாப்பா?"

"மாப்பிளட உம்மாக்கு."

ஊருக்கு வந்ததும் பிரமிட்டைப் பற்றிக் கேட்டவர்களிடம், "நல்ல கட்டு. சீதனம் குடுக்காத மனிசன்" என்றார். பள்ளிவாசலில் அது பல நாள் பகிடியாக ஓடியது.

நொத்தாரிசு அந்த வரி இல்லாத புதிய உறுதியை வாசித்தார். ஏற்றுக்கொண்டதாக நானும் கையெழுத்துப் போட வேண்டும், பேனாவை எடுக்கவில்லை.

"எழுது புள்ள, ஆக்கள் காத்துக் கிடக்காங்க" என்றாள் ஸஹீதா.

வாப்பா பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

எவரும் வாப்பாவைப் போகச் சொல்லவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நல்லவர்கள். கலியாணம் முடிந்து இஷாமின் தாய் வந்து பார்த்தபோது, வீதிப் பக்கத்து அறை கடை போடத் தோதான அறை என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸஹீதா அதை ஆமோதித்தாள். இஷாம், "மாமா இருக்கட்டும், பிறகு பாப்பம்" என்றார். மறுநாள் நான் வேலைக்குப் போன நேரம் வாப்பா தன் கட்டிலைத் தானே கழற்றிப் பின்பக்கம் சரக்கு வைக்கும் தகரக் கொட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"வாப்பா, திரும்பிக் கொண்டு வாங்க."

"எனக்கு மூட்டைக்குப் பக்கத்துல படுத்தாத்தான் நித்திர வரும்."

முன்னறையில் கவுண்டர் வந்தது, கண்ணாடி அலுமாரி வந்தது. கவுண்டரைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். நான் இஷாமோடு சண்டை பிடித்தேன். அவர் வாப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டார். வாப்பா அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

வெயில் ஏறினால் கொட்டிலில் இருக்க ஏலாது. வாப்பா வேனைக் கழுவினார். வியாபாரத்தை விட்டு இரண்டு வருடமாகியிருந்த மனிதர் மறுபடி மகா ஓயாவுக்குப் போனார். முதலில் கிழமைக்கு ஓர் இரவு. பிறகு இரண்டு, மூன்று. பழைய வாடிக்கை கூப்பிடுகிறது என்பார். சரக்கு அதே அளவில் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

மாசி மாதம் ஒரு காலை மகா ஓயாவிலிருந்து பொடிமெனிக்கே என்ற வாடிக்கைக்காரப் பெண் தொலைபேசி எடுத்தார். வாப்பாவை முதலாளி என்றுதான் சொல்வார்; முதலாளி தன் முற்றத்தில் வேனை நிறுத்திப் படுத்தவர், தேநீர் கொண்டுபோய்க் கூப்பிட்டபோது எழும்பவில்லை என்றார். அழுதார். முன்னறையில் கட்டில் போட்டுத் தருகிறேன், உள்ளே வந்து படுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன், கேட்கமாட்டார் என்றார்.

இஷாமும் ஸஹீதாவின் கணவரும் போனார்கள். மரண விசாரணை முடித்துக்கொண்டு வந்தார்கள். செங்கலடிச் சந்தியில் நின்று இஷாம் என்னை அழைத்தார்.

"எந்த ஊட்டுக்குக் கொண்டு வாற? பள்ளியில அறிவிக்கக் கேக்காங்க."

ஜனாஸா எந்த வீட்டிலிருந்து எடுக்கப்படும் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். அக்காமார் இருவரும் என் பக்கத்தில் இருந்தார்கள்.

"மூத்தவள்ட ஊட்டுக்குத்தான் முறை" என்றாள் ஸஹீதா.

"என்ட ஊட்டு ஹோல்தான் பெரிசு, சனம் கொள்ளும்" என்றாள் ஸுஹைனா.

உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒரு கட்டில் போடும் யோசனை எவருக்கும் வரவில்லை. மையித்துக்கு மூன்று வீடும் திறந்தன.

"வாப்பாட அறைக்கு" என்று இஷாமிடம் சொன்னேன்.

"அதுக்குள்ள கவுண்டரெல்லோ கிடக்கு" என்றாள் ஸஹீதா. "எங்க வெக்கிற?"

இஷாமின் சாமான் பெட்டியிலிருந்து ஸ்பானர் எடுத்தேன். போல்ட்டுகளைக் கழற்றினேன். கடைசி போல்ட் சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து வந்தது. கைத்தொலைபேசிகளை வாரி ஒரு புது பெட்சீற்றில் மூட்டை கட்டினேன்.

"ஆக்கள் வாற நேரத்துல பைத்தியமா புள்ள உனக்கு?" என்றாள் ஸஹீதா.

"அந்தப் பக்கம் புடிங்க தாத்தா." எங்கள் ஊரில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

ஸஹீதா பிடிக்கவில்லை. ஸுஹைனா பிடித்தாள். கவுண்டரை ஹோலுக்கு இழுத்தோம். கொட்டிலிலிருந்து கட்டிலைக் கொண்டுவந்து ஜன்னலோரம் பொருத்தினேன்.

ஆண்கள் அவரைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி அந்தக் கட்டிலில் கிடத்தினார்கள். முகம் திறந்திருந்தது. வெளியே, அவர் நிறுத்தும் இடத்தில் வேன் இல்லை. அது பொடிமெனிக்கேயின் முற்றத்தில் நின்றது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜன்னலால் கேட்டது. பெட்சீற் வியாபாரி அசனார் அவர்கள் காலமானார்கள். அன்னாரின் ஜனாஸா, மருமகன் இஷாமின் இல்லத்திலிருந்து, அஸர் தொழுகைக்கு முன் எடுத்துச் செல்லப்படும். இரண்டு தரம் சொன்னார்கள். அறையிலிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அதில் பிழை எதுவும் இருப்பதாக எவருக்கும் படவில்லை.

அஸருக்கு எடுத்துப் போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றோம்.

மூன்றாம் நாள் இஷாம் அறை வாசலில் வந்து நின்றார். கடை திறக்காமல் மூன்று நாள், அவருக்கும் பிழைப்பு. மெதுவாகத்தான் கேட்டார்.

"கவுண்டரத் திரும்ப எப்ப சுவத்துல பூட்டுற நிஸ்றா?"

"சொல்றன்" என்றேன்.

கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டேன். ஸஹீதா கேள்விப்பட்டு வந்து, "வெறும் அறைக்கு என்னத்துக்குப் புள்ள பூட்டு?" என்று சத்தம் போட்டாள். இஷாமின் தாயும் வந்தார். எங்கள் ஹோலிலேயே மாட்டச் சொல்லியிருந்த தன் பப்பைரஸ் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

கவுண்டர் ஹோலின் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் நடக்கிறோம். நான் இன்னும் சொல்லவில்லை.