பாதி முதுகு

ராஜவேல் பதினாறு வருடம் பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவன். குனிந்தே இருந்து ஒருநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திரும்பவே முடியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் போய்ப் படுத்தான். மூன்று வாரத்தில் கழுத்து திரும்பியது. அவர் விரல் எங்கே நின்றது, முழங்கை எங்கே இறங்கியது என்று படுத்தபடியே கவனித்தவன், அவரிடமே ஒரு வருடம் கூடமாட இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினான்.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை பிடித்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் டெய்லர்கள். தோல் சூடேறும்வரை உள்ளங்கையால் நீவுவான். பிறகு தோள்பட்டை எலும்பின் ஓரமாக முழங்கையை வைத்து, தன் உடம்பின் பாரத்தை மெல்ல இறக்குவான். உள்ளே இறுகிய கட்டு தட்டுப்பட்டால் அதன்மேல் அசையாமல் நிற்பான். அவசரப்பட்டால் தசை முரண்டு பிடிக்கும். "மூச்ச வெளிய உடுங்க, இன்னொருக்கா உடுங்க" என்பான். நாலாவது மூச்சில் கட்டு வழிவிடும். படுத்திருப்பவர் பெரும்பாலும் அப்போது தூங்கிப்போயிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அறை பூட்டிக் கிடக்கும். அது தங்கதுரைக்கு உரிய நேரம். அவர் நானூறு பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனிக்கு முதலாளி. தன் வீட்டு மாடியில், முகம் வைக்க ஓட்டை விட்ட மசாஜ் மேஜை ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். ராஜவேல் ஏழு வருடமாக அங்கே போய்வந்தான். குப்புறப் படுத்த பத்தாவது நிமிடம் தங்கதுரை பேச ஆரம்பித்துவிடுவார். தம்பியோடு பேச்சு முறிந்தது, மகள் தேஜஸ்ரீ தன்னைக் கண்டாலே அறைக்குள் போய்விடுவது என்று யாரிடமும் சொல்லாததையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொல்வார். ஒருமுறை அழுதார். அதில் ஒரு சொல்லைக்கூட ராஜவேல் வெளியே விட்டதில்லை. அதே கம்பெனியில், தைத்த பனியனை நின்றபடியே குறை பார்க்கும் செக்கிங் செக்சனில் இருந்த மனைவி வினிதாவிடமும் மூச்சுவிட்டதில்லை.

போன ஐப்பசியில் அந்த செக்சனுக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தான். அறுபது பெண்களுக்கு பாத்ரூம் போக இரண்டே டோக்கன் என்றான். போனவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் நகரலாம். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். வினிதாவுக்கு நீர்க்கடுப்பு கண்டு, காய்ச்சலும் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சுருண்டு படுத்திருந்தவள் கணவனிடம் சொன்னாள்.

"பொதங்கெழம சரக்கு வாங்கற பையர் ஆளுங்க, வேல செய்யறவீகள எப்படி வெச்சிருக்கறாங்கன்னு ஆடிட் பாக்க வர்றாங்க. நானு, ரங்காத்தாக்கா, இன்னும் நாலு பேரு அவீககிட்டயே நேரா சொல்லீரலாம்னு இருக்கறமுங்க. யாருகிட்டயும் வாயத் தொறந்தராதீங்க."

மறுநாள் தங்கதுரையின் முதுகில் கை வைத்த சற்று நேரத்திலேயே அவர் கேட்டார். "என்ன ராஜவேலு, கை இன்னிக்கி ஒரு மாதிரி இருக்குது?"

"ஊட்டுல ஒடம்பு செரியில்லீங்ணா."

"என்னாச்சு?"

ஏழு வருடமாக எல்லாவற்றையும் தன்னிடம் இறக்கி வைத்த மனிதர். ஒருமுறை தானும் சொன்னால் என்ன என்று தோன்றியது. டோக்கனைப் பற்றிச் சொன்னான். காய்ச்சலைப் பற்றிச் சொன்னான். பேச்சோடு பேச்சாகப் புதன்கிழமையையும், ரங்காத்தாளின் பெயரையும் சொல்லிவிட்டான்.

தங்கதுரை தலையைத் தூக்கிப் பார்த்தார். "அட, இதெல்லாம் எங்காதுக்கே வர்றதில்லப்பா. நல்லவேள சொன்னே. நாம் பாத்துக்கறேன்."

கிளம்பும்போது வினிதாவுக்கென்று நாலு இளநீர் கொடுத்தனுப்பினார். ராஜவேலுக்கு வண்டி ஓட்டுவதே சுகமாக இருந்தது. திங்கட்கிழமை டோக்கன் போய்விடும், அவளே வந்து ஆச்சரியமாகச் சொல்லட்டும் என்று வீட்டில் எதுவும் பேசவில்லை.

புதன்கிழமை காலை ரங்காத்தாளையும், எப்போதும் அவளோடு சேர்ந்தே இருக்கும் மற்ற நால்வரையும் அவசர வேலை என்று வேனில் ஏற்றி, சேவூர்ப் பக்கம் ஒரு குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். வினிதா ஒருத்தியாக ஆடிட்காரர்களிடம் சொல்லத் துணியவில்லை. ஆடிட் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து பேரையும் இனி வரவேண்டாம் என்றார்கள்.

வினிதாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அவளுக்கு மட்டும் உட்கார்ந்து பார்க்க ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

கம்பெனி கேட்டருகே ரங்காத்தாள் அவளை நிறுத்தி, "ஆறு பேருல உன்னய மட்டும் எப்படி கண்ணு உட்டாங்க?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்த வினிதா அதைச் சொல்லிவிட்டுக் கணவன் முகத்தையே பார்த்தாள். ராஜவேல் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போனான். தங்கதுரை படுத்தார். வலது தோளிலிருந்து தொடங்கி இடுப்புவரை இறங்கினான். அந்தப் பக்கம் முழுவதும் இளகிய பிறகு கேட்டான்.

"அஞ்சு பேத்தயும் நிறுத்திப் போட்டீங்களாமுங்க."

ஓட்டைக்குள்ளிருந்து குரல் நிதானமாக வந்தது. "அது கம்பெனி சமாச்சாரம்."

"நா உங்கள நம்பித்தானுங்க சொன்னேன்."

"நம்புனதுக்கு என்ன கொறை வெச்சேன்? உம்பொண்டாட்டிய நாந் தொட்டனா? உனக்கோசரந்தான் அவள வெச்சிருக்கறேன். அந்த எடது பக்கத்தப் பாரு, நேத்திருந்து புடிச்சிருக்குது."

ராஜவேலின் கை அவர் முதுகிலேயே இருந்தது. அவர் மூச்சு சீராக ஏறி இறங்கியது. எந்தச் சங்கடமும் இல்லாத உடம்பு அது. ஏழு வருடமாக இந்த முதுகில் எங்கே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என நினைத்திருந்தான். கையை எடுத்துத் துண்டில் துடைத்தான். எண்ணெய்ப் புட்டியை மூடிப் பையில் போட்டான்.

"என்னப்பா, நிறுத்திட்டே?"

"இன்னொரு பக்கத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

பின்னால் அவர் கூப்பிட்டது படியிறங்கும்வரை கேட்டது.

வீட்டில் வினிதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நாந்தாஞ் சொன்னேன்" என்றான். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்த நாக்காலியப் போட்டப்பவே தெரியுமுங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளாப் பாத்தேன்."

அன்று சாயங்காலமே இருவரும் ரங்காத்தாள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் நின்றபடியே ராஜவேல் நடந்ததைச் சொன்னான். ரங்காத்தாள் உள்ளே கூப்பிடவில்லை.

"நல்லது நெனச்சுத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா எம்பேரச் சொல்றதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கோணுமுங்க" என்றாள். பிறகு வினிதாவின் கையைப் பிடித்து, "நீ உள்ள வா கண்ணு" என்றாள். ராஜவேல் தெருவில் வண்டியருகே நின்றான்.

வினிதா மறுநாளிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. தை பிறந்ததும் ரங்காத்தாளோடு வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். வீட்டில் சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கம்பெனியில் நடப்பதைப் பற்றி மட்டும் அவனிடம் பேசுவதில்லை. அவனும் கேட்பதில்லை.