தேயிலைக் கட்டையில் ஒரு படகு

1994 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு, இல்லாத நாள். அம்மா காலையிலேயே மலை ஊற்றுப் பீலியில் துணி துவைத்து முடித்தாள். அப்பா அரிசி வாங்க ஹல்துமுல்லைக்குப் போனார். நான் எங்கள் வரிசை வீடான லயத்து வாசலைக் கூட்டிவிட்டு, மறுநாளுக்கான வெள்ளைச் சீருடையை மடித்து வைத்தேன். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

எங்கள் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே தோட்டத்துக் குளம் இருந்தது. கொழுந்து மூட்டை ஏற்றும் தோட்டத்துப் படகில்தான் நாங்களும் போய்வந்தோம். முந்தைய நவம்பரில், கொட்டும் மழையில் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறமாட்டோம் என்று எங்கள் லயத்துப் பெண்கள் நின்றுவிட்டார்கள். அந்தத் தகராறு தீர்ந்த பிறகும், படகு இனிப் பிள்ளைகளுக்கு இல்லை என்று தோட்டத்து மேலாளரான துரை உத்தரவு போட்டார். குளத்தைச் சுற்றிப் போவது காட்டுவழி. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினோம்.

பள்ளிக்கூடம் நின்ற பெண்பிள்ளைகளைத் தேடித் தரகர் வருவது வழக்கம். கொழும்பில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ள என்னைக் கேட்டு இரண்டு முறை வந்துபோனார். எனக்குப் பத்து வயது. அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. அவர் தலை மறைந்ததும் தன் அண்ணனிடம் போய், படகு ஒன்று கட்டித் தரச் சொன்னாள்.

அந்த மாமா திருகோணமலையில் படகு கட்டும் இடத்தில் மூன்று வருடம் இருந்தவர். அங்கே பலகை சுமந்ததைத் தவிர வேறென்ன செய்தார் என்பது அத்தையின் நிரந்தரச் சந்தேகம். ஆனாலும் லயத்தில் வீட்டுக்கொன்றாகக் கட்டில் பலகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் எல்லோரும் தரையில் படுத்தோம்.

ஞாயிறு பத்து மணிக்குப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மாமா ஏறி ஐம்பது அறுபது அடி தள்ளிப் போவதற்குள் ஒரு மூலை வாயைப் பிளந்தது. அவர் நீந்திக் கரையேறினார். மேட்டில் நின்ற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, "என்னப்பா, கப்பல் திருகோணமலைக்கே திரும்பிருச்சா?" என்றார்.

"ஆணியை மட்டும் நம்புனா மூலை நிக்காது" என்றார் மாமா, சட்டையைப் பிழிந்தபடி.

"அப்புறம் எதுக்கு ஆணியை மட்டும் அடிச்சீங்க?" என்றாள் அத்தை.

"வங்கு கெடைக்கலையே."

வங்கு என்பது இரண்டு பலகை சேரும் மூலையை உள்ளிருந்து அணைத்து நிற்கும் வளைந்த கட்டை. நேரான பலகையை வளைவாக அறுத்தால் உதவாது. மர ரேகை குறுக்கே ஓடுவதால் பாரம் ஏறியதும் முறிந்துவிடும். மரமே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும். காட்டில் கிளை வெட்டினால் வழக்கு வரும்.

அம்மா லயத்தின் பின்பக்கம் போனாள். புதுக் கன்று நடுவதற்காகப் பிடுங்கிய பழைய தேயிலைத் தூர்களைத் தோட்டம் விறகுக்குக் கொடுத்திருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கிளை கழிக்கும் கவ்வாத்து வெட்டு வாங்கி, ஒவ்வொன்றும் மடக்கிய முழங்கை மாதிரி இருக்கும். ஒன்றைத் தூக்கிவந்து மாமாவின் காலடியில் போட்டாள்.

"வளைஞ்சதுதானே கேட்டீங்க, அண்ணே? இந்தத் தோட்டத்துல நேரா எதை வளர விட்டாங்க?"

மாமா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடனே உளியை எடுத்தார். படகின் மூலையில் நான் அடுப்புக்கரி பூசுவேன். அவர் கட்டையை வைத்து அழுத்தி எடுப்பார். கரி ஒட்டிய மேட்டை மட்டும் செதுக்குவார். கட்டை முழுக்கக் கரி பரவும்வரை, அதாவது எங்கும் இடைவெளி இல்லாமல் பொருந்தும்வரை, மறுபடி மறுபடி அதே வேலை. தேயிலை மரம் இரும்பு மாதிரி. நாலு மூலைக்கும் வங்கு பொருத்தி, இடுக்குகளில் தார் அடைக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை மறுபடி வந்தார். "எரிக்கத்தான் விறகு குடுத்தது. படகு செய்ய இல்ல. கட்டையக் கழட்டி ஒப்படைங்க."

"எரியலைங்க ஐயா, ஈரம். காயப் போட்டிருக்கோம்" என்றாள் அம்மா.

"படகுக்குள்ளயா காயப் போடுவாங்க?"

"லயத்துல வெயில் விழுற எடம் அது ஒண்ணுதாங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் இறுகியது. "காலையில துரைகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்கய்யா. அவரு வந்து பாக்குறப்ப நாங்க குளத்து நடுவுல இருப்போம்."

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா மூவரும் குளத்துக்குப் போய்ப் படகில் ஏறினார்கள். மாமாவும் ஏறப் போனார். "நீச்சல் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. கரையில நில்லுங்க" என்று அம்மா தடுத்தாள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரோரம் நின்றார். நடுக்குளத்தில் மூன்று பெண்களும் எழுந்து நின்று, படகை இடமும் வலமும் உலுக்கினார்கள். பலகை அதிர மிதித்தார்கள். சீருடையில் காத்திருந்த எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்களுக்கென்று கட்டிய படகில் முதல் சவாரியைப் பெரியவர்கள் பறித்துக்கொண்டு விளையாடுகிறார்களே என்று கத்தினேன்.

திரும்பி வந்ததும் அம்மா நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினாள். "நாங்க குதிச்சும் நிக்குது. இப்ப ஏறு" என்றாள். கோபம் தீராமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறினேன்.