ரயில் இரண்டாகப் பிரிந்த காலை

மொன்றியல் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் சரக்கு ரயிலின் பெட்டிகளைக் கழற்றிவிடும்போது ஒரு சத்தம் வரும். இரும்பு இரும்பை விடும் சத்தம். முதலில் ஒரு மோதல், பிறகு ஒரு நீண்ட முனகல். அது பெட்டி பெட்டியாகக் கைமாறிப் போய்த் தூரத்தில் எங்கோ ஓயும். பல வருடங்களாக அந்தச் சத்தத்துக்குள்தான் ட்ரக் ஓட்டுகிறேன், கொள்கலன்களை ஏற்றுவதும் இறக்குவதுமாக. முன்பெல்லாம் அது காதில் விழுந்ததே இல்லை. போன கோடைக்குப் பிறகு விழுகிறது. விழும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் இருக்கும் கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது.

போன வருடம், ஜூன் மாதக் கடைசி. மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தை முடித்துவிட்டு ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்க்கத் தனியாகப் போயிருந்தாள். முதுகில் ஒரு பை, எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற ஒரு சீட்டு, அவ்வளவுதான். மனைவி வேண்டாம் என்றாள். எனக்கோ உள்ளூர ஆசை.

அதற்குக் காரணம் உண்டு. அதே ஐரோப்பாவை நானும் அவளுடைய வயதில் கடந்திருக்கிறேன். யன்னல் இல்லாத ஒரு வான் வண்டிக்குள், என்னைப் போல ஊரை விட்டு ஓடி வந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே. வெளியே கேட்ட மொழி மாறும்போது நாடு மாறியது என்று நினைத்துக்கொள்வோம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினேன் என்பதைப் பிற்பாடு வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று அந்த மலை எனக்குக் காது அடைத்ததாக மட்டுமே வந்து போனது.

ஆகவே அவள் அனுப்பிய ஒவ்வொரு படத்தையும், ஒவ்வொரு குளறுபடியையும் நான் விரல் நக்கிச் சுவைத்தேன். பாரிசில் மழையில் நனைந்து, விடுதியின் யன்னலில் காயப்போட்ட காலுறை காற்றில் பறந்து கீழே யாருடைய குடையிலோ விழுந்தது. லியோனில் இறங்க வேண்டியவள் தூங்கிப்போய் எல்லைப்புறக் கிராமம் ஒன்றில் இறங்கி, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கல்யாண ஊர்வலத்தில் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வந்தாள். ஜெனீவா ஏரியில் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அன்னம் அவளுடைய செருப்பொன்றைத் தள்ளிக்கொண்டு போனது. எல்லாம் யன்னலுக்கு வெளியே நடப்பவை. எனக்குக் கிடைக்காத யன்னல்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒன்பது வயதிலிருந்து நீரிழிவு. உடம்பு இன்சுலினைச் சுரக்கவே சுரக்காத வகை. சாப்பிடும்போதெல்லாம் ஓர் ஊசி, படுக்கப் போகும்போது இன்னோர் ஊசி, ஆயுள் முழுவதும். கையின் பின்புறத்தில் நாணயம் அளவில் ஓர் உணரி ஒட்டியிருக்கும். அது இரத்தத்திலுள்ள சீனியின் அளவை விடாமல் அவளுடைய கைபேசிக்குச் சொல்லும். அவளுடைய கைபேசி எனக்குச் சொல்லும். அவள் உலகின் எந்த மூலையில் நின்றாலும் என்னுடைய திரையில் ஓர் இலக்கமும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். இங்கே கனடாவில் அளக்கும் கணக்கில் இலக்கம் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் இருந்தால் எனக்கு அது நல்ல நாள்.

அன்று காலை துறைமுக வாசலில் ட்ரக் வரிசையில் நின்றேன். முன்னால் ட்ரக்குகள், பின்னால் ட்ரக்குகள், இரண்டு பக்கமும் கொங்கிறீட் தடுப்பு. அந்த வரிசைக்குள் ஒருமுறை நுழைந்தால் வேலை முடியாமல் வெளியே வர முடியாது. திரையில் இலக்கம் பன்னிரண்டு. அம்பு மேலே பார்த்தது. சுவிஸ் சொக்லேட் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்போதுதான் அவளுடைய அழைப்பு வந்தது.

"அப்பா, ட்ரக் ஓடுறீங்களா? கதைக்கலாமா?"

"லைன்ல நிக்கிறன். சொல்லு."

"என்ர ரெயின் ரெண்டாப் பிரிஞ்சிட்டுது. என்ர பாக் மற்றப் பாதியில போயிட்டுது."

சுவிஸ் மலைகளில் அப்படியும் ரயில்கள் உண்டாம். ஒரு சந்தி நிலையம் வந்ததும் முன்பாதி ஒரு பள்ளத்தாக்குக்குப் போகும், பின்பாதி வேறொரு பள்ளத்தாக்குக்கு. ஜெர்மன் மொழியில் அறிவிப்பார்கள். அவளுக்கு அது விளங்கவில்லை.

சரி, பை ஏன் வேறு பெட்டியில் இருந்தது? எங்கள் ஆட்களில் யாரும் பார்சல் இல்லாமல் விமானம் ஏறிவிட முடியாது. சூரிச்சில் இருக்கும் மகளின் தாய்மாமனுக்கென்று மனைவி வறுத்து இடித்த மிளகாய்த்தூளை மூன்று உறைகளில் கட்டிப் பைக்குள் திணித்து அனுப்பியிருந்தாள். நாடு நாடாகப் போனதில் ஓர் உறை எங்கோ கிழிந்துவிட்டது. ரயிலில் எதிரே இருந்த அம்மையார் மூக்கைச் சுருக்கி, முதலில் தன்னுடைய சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தாராம். பிறகு இவளைப் பார்த்தாராம். இவள் கூச்சத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த பெட்டியின் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். பாணும் பாலாடைக்கட்டியும் ஒரு பெரிய துண்டு அப்பிள் கேக்கும் சாப்பிட்டு முடித்து, ஊசிப் பெட்டிக்காகப் பக்கத்தில் கையை விட்டபோதுதான் அது பையோடு போய்விட்டது நினைவுக்கு வந்தது. எழுந்தாள். ரயில் நின்றது. ஒரு மோதல், ஒரு முனகல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த பெட்டி மெல்ல விலகிப் போனது.

அவள் குதித்து இறங்கிவிட்டாள். மேடையில் நின்ற ரயில்காரர் பையைக் கடைசி நிலையத்தில் எடுத்துவைப்பார்கள், நாளைக்கு வந்துவிடும் என்றாராம். இப்போது மேடையில் இருந்த மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்துதான் பேசினாள்.

"இரவு போடுற ஊசி?"

"அதுவும் அதுக்குள்ளதான். அப்பா, நான் யோசிச்சிட்டன், இப்ப நான் போய்..."

"நீ ஒரு இடமும் போகாதே. அந்த வாங்கிலேயே இரு. மாமாவுக்கு ஃபோன் அடிக்கிறன். அசையாதே."

வைத்துவிட்டேன். இலக்கம் பதின்மூன்றைத் தாண்டிவிட்டது. இன்சுலின் இல்லாத உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில், நோய் இன்னதென்று தெரியாத நாட்களில், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். அவளுடைய மூச்சில் அழுகிய பழத்தின் மணம். அந்த மணம் இப்போது ட்ரக்கின் கபினுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சூரிச் மச்சான் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றார். பின்னால் தட்டுகள் மோதின.

"எந்த ஸ்டேசன் மச்சான்? அடக் கடவுளே, அது என்னட்டை இருந்து ரெண்டு மணித்தியாலம். நீர் பதறாதையும். அந்தப் பக்கம் எங்கட ஊராள் ஒருத்தர் இருக்கோணும். நான் குறூப்பில போட்டுவிடுறன்."

அவர் அதைக் குடும்பக் குழுவில் போட்டார். குடும்பக் குழுவிலிருந்து ஊர்ச்சங்கக் குழுவுக்குப் போனது. அங்கிருந்து எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பாரிஸ், லண்டன், ஒஸ்லோ, ஸ்கார்பரோ. போர்க்காலத்தில் ஒருவர் எங்கேயாவது எல்லையில் பிடிபட்டால் இப்படித்தான் செய்தி ஓடும், இப்படித்தான் யாராவது ஒருவர் கதவைத் திறப்பார். எனக்கும் அப்படித்தான் கதவு திறந்தது. ஆகவே நான் ஆறுதலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் செய்திகள் என் கைபேசியில் மழைபோல விழுந்தன. பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தை யாரோ குழுவில் போட்டுவிட்டார்கள். எல்லோரும் அவளை அழைக்கத் தொடங்கினார்கள். ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு பெரியம்மா வெந்தயத்தை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். ஆல்ப்ஸ் மலையடிவார ரயில் மேடையில்.

பதினைந்து. அம்பு நேரே மேலே.

மனைவி அழைத்தாள். அவள் வில்லரேயில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, ஆரைக் கேட்டு ஊர் முழுக்கச் சொன்னனீங்கள்? லண்டனில இருந்து எனக்கு அழுதுகொண்டு எடுக்கினம், செத்தவீடு மாதிரி."

"உம்மட அண்ணைதான் குறூப்பில போட்டவர்."

"அண்ணைக்குச் சொன்னது ஆர்? நான் பிள்ளைக்கு எடுக்கிறன், எடுக்கிறன், லைன் கிடைக்குதில்லை. இத்தனை பேர் அடிச்சா அவளின்ர ஃபோன் என்னத்துக்கு ஆகும்? பற்றரி செத்தா அவள் ஆரைக் கூப்பிடுறது?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வரிசை நகர்ந்தது. கிளட்சை விட்டேன். திரையில் பதினேழு தசம் இரண்டு. அதன் பிறகு இலக்கம் இல்லை. இரண்டு சிறிய கோடுகள் மட்டும்.

அவளை அழைத்தேன். நேரே குரல் பெட்டி. மறுபடியும் குரல் பெட்டி. குழுவில் யாரும் அவளை அழைக்க வேண்டாம் என்று எழுதினேன். அதற்குக் கீழே முப்பது பேர் ஏன் என்று கேட்டார்கள்.

அந்த இரண்டு கோடுகளை எப்படிச் சொல்வது? உயர்ந்த இலக்கம் பயம். ஆனால் அதற்கு ஒரு முகம் இருக்கிறது, அதோடு பேரம் பேசலாம். கோடுகளுக்கு முகமில்லை. எழுதிக்கொண்டே வந்த தாளிலிருந்து யாரோ பேனையை எடுத்துவிட்டது போல. வாசலில் இருந்த ஒலிபெருக்கி கொள்கலனின் இலக்கத்தைக் கேட்டது. பதினேழு தசம் இரண்டு என்றேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். உள்ளே இருந்தவர், "சா வா, மொன்சியூர்?" என்றார். நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார். நலம் என்று சொல்லி உள்ளே போனேன்.

கிரேனுக்குக் கீழே அடுத்த வரிசை. மச்சானின் அழைப்பு.

"மச்சான், ஊராள் ஸ்டேசனுக்குப் போயிட்டார்."

"பிள்ளை?"

"வாங்கில ஆரும் இல்லையாம். மேடை முழுக்கப் பாத்திட்டாராம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், ஸ்டேசனுக்கு வெளியிலயும் பாக்கச் சொல்லியிருக்கிறன்."

அவருடைய பின்னணியில் தட்டுச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. சமையலறையே கேட்டுக்கொண்டிருந்தது போல. நான் ட்ரக்கை நிறுத்திவிட்டு, மறுபடியும் அவளை அழைத்தேன். குரல் பெட்டிதான். மேலே கிரேன் யாருடையதோ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் போனது. எங்கோ ஒரு தெருவில் அவள் மயங்கிக் கிடப்பதாகவும், மொழி தெரியாதவர்கள் குனிந்து பார்ப்பதாகவும் எனக்குப் படம் ஓடியது. அந்தத் தெருவின் கற்களைக்கூடப் பார்த்தேன்.

அப்போது கோடுகள் மறைந்தன. பதினெட்டுக்கு மேலே ஓர் இலக்கம். ஆனால் அம்பு மேலே பார்க்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. யாரோ அதன் தோளில் கை வைத்து உட்காரச் சொன்னது போல.

பிறகு அவளுடைய குரல்.

"அப்பா, ஸே கொறெக்ட். ஸே கொறெக்ட்." பரவாயில்லை என்பதற்கு இங்கே வளரும் பிள்ளைகள் சொல்லும் சொல்.

"எங்க நிக்கிறாய்?"

"ஃபார்மசியில இருக்கிறன். ஊசி போட்டிட்டன். இரவு ஊசியும் வாங்கியாச்சு."

"ஃபோன்?"

"நான்தான் ஓஃப் பண்ணினனான். எல்லாரும் எடுக்கினம் அப்பா, ஆரெண்டே தெரியாத ஆக்கள். ஒரு அன்ரி எனக்குக் கல்யாணம் பேசியாச்சோ எண்டு கேட்டவா. பற்றரி சிவப்பாப் போச்சு. டொக்டரின்ர மருந்துச் சீட்டு ஃபோனுக்குள்ளதான் இருக்கு. அது செத்தா நான் எதைக் காட்டி மருந்து கேக்கிறது?"

"அசையாதே எண்டு சொன்னனே."

"அசையாமல் இருந்தா இன்சுலின் நடந்து வருமா? அதைத்தானே முதலே சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை."

நிலையத்துக்கு வெளியே இறங்கி நடந்து, பச்சைச் சிலுவைப் பலகையைத் தேடிப்பிடித்து, பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லி வாங்கியிருக்கிறாள். மருந்துக்கடைப் பெண் உள்ளே ஒரு கதிரை போட்டு, தண்ணீர் தந்து, தன்னுடைய சார்ஜரையே கழற்றிக் கொடுத்திருக்கிறாள். வேறு ஆட்கள் வந்து காத்து நின்றபோதும், கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அம்பு சாயும் வரை மகளின் பக்கத்திலேயே முழங்காலிட்டு இருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. கேட்டபோது மகளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெரிய கைகள் என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஆட்களின் மீது எனக்குக் கோபமில்லை. ஊராள் தன் வேலையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். மச்சான் சமையலறை உடுப்போடு காரில் ஏறிப் பாதி வழி வந்துவிட்டார். அன்று நாங்கள் எல்லோரும் செய்தது அன்புதான். அந்த அன்பு அவளுடைய பற்றரியைத் தின்றது. கதவு திறக்க யாராவது வரும் வரை இருட்டில் அசையாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று யன்னல் இல்லாத ஒரு வானுக்குள் படித்தவன் நான். அந்தப் பாடத்தை அவள் படிக்கவே இல்லை. படிக்க வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை. இன்றும் என் திரையில் இலக்கம் ஏறினால் மனமும் கூடவே ஏறுகிறது. ஆனால் அழைக்கும் முன் ஒரு மூச்சு பொறுக்கிறேன். அவள் ஏற்கெனவே எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பாள் என்று நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.  மெல்லச் சொன்னாள்:

"அப்பா, உங்களுக்குப் பின்னுக்கு ஹோர்ன் அடிக்கிறாங்கள். ட்ரக்கை எடுங்கோ. நான் வைக்கிறன்."