முன்னால் போன பை

ஆட்டோக்காரன்கூட வர மறுத்த காலத்தில் கீழ்க்கட்டளை ஏரிக்கரைப் பக்கம் ஹார்டுவேர் கடை போட்டவன் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. சிமெண்டு மூட்டை தூக்கிய அதே தோளில்தான் பிற்பாடு சால்வை போட்டார்கள். இரண்டு மாடி வீடு கட்டினேன். என்ஜினியர் கிடையாது. கிழிந்த சிமெண்டு பையின் உள்பக்கத்தில் நானே படம் போட்டேன். எத்தனை புயல் வந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாடிப்படி பக்கம் ஒழுகுகிறது என்று என் மகன் சொல்வான். அது படி, வீடு இல்லை. எங்கள் தெருவுக்கு மழைத்தண்ணீர்க் கால்வாய் வந்தது நான் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்ததால். பிள்ளையார் கோயில் மதில், அதுவும் நான்தான். கல்வெட்டில் வேறு பெயர் இருக்கும். அதைப் பிறகு ஒரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இரண்டு நாள் தஞ்சாவூர் போய் வந்ததில் எனக்குப் பங்கே இல்லை என்று என் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அதைச் சும்மா விட எனக்கு மனம் இல்லை.

என் வீட்டுக்காரிக்கு வலது முட்டி தேய்ந்து போயிற்று. குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் புதன்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு பல மாதம் தூரப் பயணம் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"அதுக்கு முன்னாடி கல்லணைல தண்ணி போறத ஒருவாட்டி பாத்துடணும். இந்தாளு இத்தினி வருசத்துல எனக்குத் தண்ணி லாரியத் தவிர வேற தண்ணி காட்டுனதில்ல."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் பிறகு சமையலறையில் மருமகளிடம் அவள் மெதுவாகப் பேசியது என் காதில் விழுந்தது. "மயக்கம் குடுத்துட்டாங்கன்னா எய்ந்திருப்பனோ மாட்டனோ, யாருக்குத் தெரியும்?" அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதனுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு சனி, ஞாயிறு.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். அதே நேரத்தில் மருமகளும் "நான் பாத்துக்கறேன் அத்தை" என்றாள். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மருமகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். போனில் ஒரு குரூப் திறந்து எங்கள் நாலு பேரையும் அதில் போட்டாள். ரயிலா, பஸ்ஸா, காரா என்று அதில் கேள்வி வந்தது. பக்கத்தில் வட்டம் வட்டமாக இருந்தது. நான் எல்லா வட்டத்தையும் அழுத்தினேன்.

"மாமா, ஏதாவது ஒண்ணுதான் போடணும்."

"எல்லாமே நல்லாத்தானேம்மா கீது?"

"அப்பா, நீங்க போட்ட ஓட்டுல ரயிலும் பஸ்ஸும் சமமா நிக்குது" என்றான் மகன். "இப்ப யாரு ஜெயிச்சது?"

நான் ஒன்றை எடுத்தேன். எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ரயில் என்று ஆயிற்று.

அடுத்து மேப். தஞ்சாவூர் எங்கே, கல்லணை எங்கே என்று போனில் காட்டினாள். வடக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கப் போனைத் திருப்பினேன், ஊரும் கூடவே திரும்பிக்கொண்டது. எத்தனையோ மனைப் படம் பார்த்தவன் நான், ஒரு மனையும் எனக்காகத் திரும்பியதில்லை. லாட்ஜில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் அறை தருவார்களாம், மறுநாள் பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டுமாம். அப்படியானால் ஒரு நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டேன்.

எனக்குப் புரிந்த வரை ஏற்பாடு இதுதான். சனிக்கிழமை காலை தாம்பரத்தில் ரயில் ஏறுவது. அன்று சாயங்காலம் பெரிய கோயில். ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் திருக்காட்டுப்பள்ளி வழியாக, வயலும் வாய்க்காலும் பார்த்துக்கொண்டே கல்லணை. இரவு ரயிலில் திரும்புவது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரி நாள்காட்டியில் சனிக்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். சந்திராஷ்டமம் என்று போட்ட இடத்தில் அவளுடைய நட்சத்திரம் இருந்தது.

"நான் வர்ல" என்றாள்.

"அத்தை, அதெல்லாம்..."

"நீ படிச்ச பொண்ணும்மா. ஒனக்கு ஒண்ணுமில்ல. கத்தி வெக்கப் போறது எனக்கு. சந்திராஷ்டமத்துல வாசப்படி தாண்டிட்டு, புதன்கெழம ஏதாச்சும் ஆயிட்டா?"

வெள்ளிக்கிழமையே கிளம்பலாம் என்றால் மகனுக்கும் மருமகளுக்கும் லீவு இல்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது வழி சொன்னவன் யார்? நான். நல்ல நேரத்தில் பையை மட்டும் முன்னால் வெளியே அனுப்பிவிட்டால், ஆளும் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் செய்ததுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு, வெளியே போன பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"வெள்ளிக்கெழம ராகு காலத்துக்கு முன்னாடி பைய எடுத்துனு போயி நம்ம கடையில வெச்சுடறேன்" என்றேன்.

"கடையும் நம்முதுதான. அது எப்டி வெளிய போனதாவும்? அதுவுமில்லாம வெள்ளிக்கெழம மேற்கால சூலம். ஒங்க கடை மேற்காலதான கீது?"

"நான் கட்டுன கடைக்கே சூலமா?"

பேச்சு அங்கே நின்றது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தேன். பீரோ பக்கத்தில் நீலப் பை இருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கடையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே பத்திரமாக வைத்தேன். சொன்ன வேலையைச் செய்தவன் அதைச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டான். நானும் வீட்டில் சொல்லவில்லை.

சாயங்காலம் கிழக்குப் பக்கத்து வீட்டு அம்மா கேட்டருகில் என்னைப் பார்த்தார். ரிட்டையர்டு நர்ஸ், சர்ச்சுக்குப் போகிறவர், வீட்டுக்காரிக்கு அக்கா மாதிரி. "அண்ணா, காலைல என் தங்கச்சி திருநெல்வேலில இருந்து வர்றா. நான் எப்படியும் ஸ்டேஷனுக்குப் போவேன். பைய அங்கயே கொண்டாந்து குடுத்துடறேன், சரியா?" என்றார். நான் தலையாட்டினேன். கடை வைத்திருப்பவன் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், அது தொழில் பழக்கம். எந்தப் பை, யாருக்கு என்று அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை வாடகைக் கார் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் டிரைவரிடம், "கடையாண்ட ஒரு நிமிசம் நிறுத்துப்பா, பை எடுக்கணும்" என்றேன்.

"எந்தப் பை?" என்றாள் வீட்டுக்காரி.

"ஊருக்குப் போற பை."

"அது அக்கா வூட்டுல கீது. நேத்து நீங்க குளிச்சுனு இருக்கும்போது நானே குடுத்துட்டேன். கெயக்கு, நல்ல நேரம், அடுத்தவங்க வூடு, எல்லாம் சரியா வெச்சேன்."

"அப்ப நான் எடுத்துனு போனது இன்னாது?"

மகன் இறங்கிப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். கேட்டில் பூட்டு, போன் அடித்தும் எடுக்கவில்லை.

"இப்ப நம்மகிட்ட ரெண்டு பை இருக்கா, ஒண்ணுமே இல்லையா?" என்று அவன் கேட்டான். கடைக்கு விடச் சொன்னேன். ஷட்டரைத் தூக்கிப் பையைக் கொண்டுவந்து, கார் சீட்டிலேயே வைத்து ஜிப்பைத் திறந்தோம்.

மேலே ஸ்கேன் கவர். அதற்குக் கீழே நைட்டி, ஃபிளாஸ்க், முட்டியில் கட்டும் பட்டை, குளிர வைக்கிற ஜெல் பை, மடக்கி வைக்கிற கைத்தடி. ஆஸ்பத்திரிக்கென்று மருமகள் கட்டி வைத்த பை அது. இரண்டு பையும் ஒரே கடையில் வாங்கியது, ஒரே நீலம். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

வீட்டுக்காரி முகம் வெளுத்துவிட்டது. "ஊருக்குப் போற பைக்கு முன்னாடி ஆஸ்பத்திரிப் பை கெளம்பிடுச்சு. அதுவும் சூலத்துல" என்றாள். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். "எல்லாரும் எறங்குங்க. வூட்டுக்குப் போலாம்."

"அத்தை, ரயிலுக்கு நேரமாச்சு."

"ரயிலு போனாப் போவுது."

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பை கிளம்பியது, எது கிளம்பவில்லை, நாங்கள் கிளம்பினோமா இல்லையா என்று தலை சுற்றியது. ஆனால் கீழே வைத்த அந்தக் காலைப் பார்த்தேன். முட்டி வீங்கி, செருப்பு வார் பதிந்த கால். இப்போது வீட்டுக்குள் போனால் புதன்கிழமை அந்தக் காலோடு, இந்தப் பயத்தோடு, எந்தத் தண்ணீரையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பேச ஆரம்பித்தேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"இந்தா, கேளு. இந்தப் பை எப்ப வூட்ட வுட்டு வெளிய போச்சு? வெள்ளிக்கெழம, ராகு காலத்துக்கு முன்னாடி, நல்ல நேரத்துல. அப்படின்னா ஒன் ஆபரேஷனும் நல்ல நேரத்துலயே கெளம்பிடுச்சு. புதன்கெழம நேரம் பாக்கற வேலயே இல்ல."

"சூலம்?"

"சூலம் ஊருக்குப் போறவங்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு இன்னா சூலம்? வெளிய போன பை வூட்டுக்குள்ள திரும்பக் கூடாதுன்றது ஒனக்கே தெரியும். இத எங்க கொண்டுபோயி வெப்ப? நம்மகூடத்தான் வரணும். ஏறு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். "இந்தாளு வாயிருக்கே" என்று சொல்லிக்கொண்டே காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். மருமகள் கதவைச் சாத்தினாள்.

கார் பாதி வழி போனபோது மருமகளுக்கு போன் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா. "பையோட பிளாட்பாரத்துல நிக்கறேன். எங்க இருக்கீங்க? நேத்தே அண்ணாகிட்ட சொன்னேனே!" காரில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

தாம்பரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா ஒரு கையில் தங்கையையும் இன்னொரு கையில் எங்கள் பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க சந்திரனுக்கு எங்க வீட்ல ஒரு தொந்தரவும் இல்ல, ராத்திரி நல்லாத் தூங்கிச்சு" என்று சிரித்தார். அப்போதுதான் வீட்டுக்காரியும் சிரித்தாள்.

ஆக, ஒரு ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் போன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பெரிய கோயில் கருங்கல் தரையில் நடந்ததில் ராத்திரிக்குள் அவள் முட்டி உப்பிவிட்டது. மறுநாள் கல்லணையில் கார் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. பாலத்தின் மேல் நடந்து போக வேண்டும். அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்குச் சத்தமே போதும்" என்றாள்.

டிக்கியைத் திறந்தது நான். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். நீலப் பையிலிருந்து பட்டையை எடுத்தேன். மருமகள் கட்டிவிட்டாள். கைத்தடியை விரித்தேன். வீட்டில் அதைத் தொடக்கூட மாட்டேன், கிழவி மாதிரி இருக்கும் என்று சொன்னவள், அன்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மதகு மதகாகத் தண்ணீர் சுருண்டு விழுந்தது. நடுப்பாலம் வரைக்கும் நடந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. நாங்கள் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "எத்தினி லாரித் தண்ணி இருக்கும்?" எவ்வளவோ தொழில் பார்த்தவன், இதற்கு எனக்குக் கணக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். இப்போது மாடிப்படி ஏறுகிறாள், அங்கே ஒழுகுகிறது என்று மகனோடு சேர்ந்துகொண்டு அவளும் சொல்கிறாள்.

அவள் பாலத்தில் நிற்கிற படத்தை மருமகள் குரூப்பில் போட்டாள். கீழே எழுதியிருந்தது: பிளான், நான். படம், அவர். பை, பக்கத்து வீட்டு அம்மா. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டால் மகன், "தப்பான பையத் தூக்கிட்டுப் போனதுக்கும் பேர் போடணுமாப்பா?" என்கிறான்.

தப்பான பையா? அந்தப் பை வராமல் இருந்தால் அவள் காரிலேயே உட்கார்ந்து சத்தம் மட்டும் கேட்டுவிட்டு வந்திருப்பாள். கடை வாசலில் நான் பேசாமல் இருந்திருந்தால் காரே திரும்பியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்த பையில் புடவையும் பல்பொடியும்தான் இருந்தன. அந்தப் பிள்ளையார் கோயில் கல்வெட்டு போனது போகட்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் படத்துக்குக் கீழே, பக்கத்து வீட்டு அம்மாவின் வரிக்கு மேலே, மருமகள் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: கைத்தடி இருந்த பையை நல்ல நேரத்தில் வெளியே எடுத்து வைத்தது மாமா.