கட்டில் டாக்டர் செய்த பெட்டி

டிவிக்காகப் புருஷனை விட்டுவிட்டுப் போனவள் என்கிறாளே மாடிவீட்டுக்காரி, அவள் நாக்கில் நரம்பே கிடையாதா? எதிர்வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்பத்திரியில் அவளுக்கு யாரோ இருந்தார்களாம் என்று பரப்பி வைத்திருக்கிறாள். இருந்தார்கள்தான். அறுபது கட்டில்கள் இருந்தன. வேறு யாரும் இல்லை.

அவள் என் மருமகள். அவளைப் பற்றிப் பேச உங்களைவிட எனக்கு உரிமை உண்டு, தெரிந்ததும் எனக்குத்தான் அதிகம். நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரவேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரியில், தரைக்குக் கீழே இருக்கிற அறையில் அவளுக்கு வேலை. பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் எழும்புகிற கட்டில்கள் இருக்கின்றனவே, அவை பழுதானால் அவளிடம்தான் வரும். மோட்டாரைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி அனுப்புவாள். தெருவில் அவளுக்குக் கட்டில் டாக்டர் என்று பேர். கேலிக்கு வைத்த பேர்தான். அவள் முகம் சுளித்ததில்லை.

"என்கிட்ட வந்த பேஷண்டு ஒருத்தரும் செத்ததில்ல அத்தை. மேல இருக்கற எந்த டாக்டர் இப்படிச் சொல்ல முடியும்?" என்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டாம். கட்டிலைச் சரிபார்த்தவர் அதன் அடிமூடியின் உள்பக்கத்தில் தன் பேரையும் தேதியையும் எழுதிவிட வேண்டும். மறுபடி நின்றுபோனால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் மகனுக்கு வண்டி விற்கிற ஷோரூமில் வேலை. வாய்தான் அவனுக்கு முதல். நான் பெற்ற பிள்ளையை நானே குறை சொல்லக் கூடாது. ஆனால் வீட்டில் ஒரு பல்பு போனால் "கரண்டு போச்சு" என்று சொல்லிவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான் அவனுக்கும் கருவிக்கும் உள்ள உறவு.

எங்கள் முன்னறைக்கு ஒரே ஜன்னல். முழங்கால் விட்டுப்போன பிறகு எனக்குத் தெரு என்பதே அந்த ஜன்னல்தான். யார் வேலைக்குப் போகிறார்கள், யார் யாரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எந்த வீட்டுத் துணி இன்னும் கொடியிலேயே கிடக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுத்துத் தெரியாதவளுக்கு அதுதான் பேப்பர். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல வேறொருத்திதான் எழுதுகிறாள்.

ஒரு நாள் என் மகன் கதவு அகலத்துக்கு ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு சுவரில் கதவு, ஒரு சுவரில் அலமாரி, ஒரு சுவரில் அவன் சாய்ந்து கிடக்கிற சோபா. மிச்சம் இருந்தது ஜன்னல் சுவர். ஒரு மேஜையைப் போட்டு டிவியை ஜன்னலுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து பகலிலும் எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மகன் ஆசையாக வாங்கினது. நாலு மாதம் அந்த டிவியில் ஊர் உலகத்துச் சண்டையெல்லாம் பார்த்தேன், எங்கள் தெருச் சண்டை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் நினைத்துக்கொண்டு கேட்கவில்லை. "இப்ப வெளிய வெயிலா, மேகமாம்மா?" என்றேன். அவள் மடித்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். எழுந்துபோய் அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"டிவிய மறைக்கப் போறேன் அத்தை. அவருக்கு வேணுங்கறப்ப மேல வரும். வேணாங்கறப்ப பொட்டிக்குள்ள போயிடும். உங்க ஜன்னல் உங்களுக்கு."

ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கட்டில் மோட்டார் ஒன்றை அங்கிருக்கிற மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு வாங்கி வந்தாள். குழாய்க்குள்ளிருந்து இரும்புத் தண்டு நீண்டுகொண்டே வருகிற மோட்டார். ஜன்னல் கட்டைக்குக் கீழே வருகிற மாதிரி பலகையில் ஒரு நீளப் பெட்டி அடித்தாள். அங்கேதான் சிக்கல். அந்தத் தண்டு ஒரு சாணுக்கு மேல் கொஞ்சம்தான் நீளும். டிவியோ அதற்கு இரண்டு பங்கு உயரம். என் மகன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கட்டில் டாக்டருக்குக் கணக்கு வரல போலிருக்கு!"

அவள் மூன்று வாரம், வேலை விட்டு வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு யோசித்தாள். கடைசியில் தண்டின் தலையில் ஒரு சின்னக் கப்பியை மாட்டி, சைக்கிள் பிரேக் கம்பியை அதன்மேல் ஓடவிட்டாள். கம்பியின் ஒரு முனை பெட்டியில், மறு முனை டிவி நிற்கிற சட்டத்தில். தண்டு ஒரு சாண் ஏறினால் டிவி இரண்டு சாண் ஏறியது. எனக்கு இன்றைக்கும் அது புரியவில்லை. "கிணத்துல தண்ணி எறைக்கிறத தலைகீழா நினைச்சுப் பாருங்க அத்தை" என்றாள். நினைத்தேன், கிணறுதான் தெரிந்தது.

முதல் தடவை டிவி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நின்றது. டிவி ஏறி இறங்க இரண்டு பக்கமும் வைத்திருந்த தண்டவாளத்தை ஒரே ஜோடியாக வாங்கி மாற்றினாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. பொத்தானை என் கையில் கொடுத்து, "நீங்க அமுக்குங்க" என்றாள். முணுமுணுவென்று ஒரு சத்தம். டிவி மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அதன் தலைக்கு மேலே முதலில் எதிர்வீட்டு ஓடு, பிறகு கொடி, பிறகு தெரு. நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

பின்பலகையை மூடுவதற்கு முன்னால் உள்ளே பேனாவால் ஏதோ எழுதினாள். அளவு எழுதுகிறாள் என்று நினைத்தேன். "டிவி ஒயரு இப்படித் தொளதொளன்னு வளைஞ்சு தொங்கணும், யாரும் இழுத்துக் கட்டிடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

இனி நான் சொல்லப்போவதை எழுதிக்கொள்கிறவள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். பார்க்காதே, எழுது.

மறுநாள் மாடிவீட்டுக்காரி வந்தாள். பதினைந்து வருஷமாக, தன் மகன் பாலம் கட்டுகிறான், அணை கட்டுகிறான் என்று என் காதைத் துளைத்தவள். டிவி தானாக எழும்பி வந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "யாரு செஞ்சது?" என்றாள்.

"என் மகன்" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவள் வாயை ஒரு நாளாவது அடைக்க வேண்டும் என்று இருந்தது. மருமகள் செய்தாள் என்றாலும் அடைந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை. என் மகன் சோபாவில்தான் இருந்தான். இல்லை என்று அவனும் சொல்லவில்லை. "சும்மா, பொழுதுபோக்கா செஞ்சதுங்க" என்றான்.

சாயங்காலம் மருமகளுக்குத் தெரிந்தபோது முதலில் சிரித்தாள். "உங்க மகனுக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகணும்னு கேளுங்க அத்தை!" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். நாங்கள் விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் என் மகன் பொத்தானை அமுக்கிக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் கதை வளர்ந்தது. தண்டு போதாமல் தவித்த மூன்று வாரம்கூட அவனுடையதாகிவிட்டது. அவன் அதைச் சொல்லும்போது அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் கட்டில் வேலையை வெளியாட்களிடம் விடப்போகிறோம், மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் மேஜை நாற்காலி விற்கிற பெரிய கடைக்காரர் ஒருவர் எங்கள் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். இந்த மாதிரிப் பெட்டிகள் செய்யத் தனியாக ஒரு பட்டறை போடுகிறாராம். செய்தவரையே பொறுப்பில் வைக்கிறேன் என்றாராம்.

சனிக்கிழமை மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நாளைக்கு அவர் கேட்டா உள்ளதச் சொல்லுவீங்களா? நான் சொன்னா புருஷன் பொண்டாட்டிச் சண்டைம்பாங்க. பெத்தவங்க நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல. எனக்கு இந்த வேலை வேணும்."

"சொல்றேம்மா. இதுல என்ன?"

"சத்தியமா?"

"உன் ஜன்னல்ல உக்காந்துகிட்டு உனக்குப் பொய் சொல்லுவேனா?" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர், செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்தார். என் மகன் பொத்தானை அமுக்கினான். டிவி பாதி இறங்கி, கரகரவென்று இழுத்து, சாய்ந்து நின்றுவிட்டது. முந்தின நாள்தான் அவன் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்து, ஒயரெல்லாம் அசிங்கமாகத் தொங்குகிறது என்று சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தான். மருமகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. பொத்தானை மாற்றி மாற்றிக் குத்தினான்.

"பின்னால தெறந்து பாருங்களேன்" என்றார் கடைக்காரர்.

அவனுக்குத் திறக்கத் தெரியவில்லை. கடைக்காரரே நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார். பலகையைத் திருப்பினார். நின்று படித்தார்.

"இதுல ஒரு பொம்பளை பேரு, தேதியோட எழுதியிருக்கே. யாரு இது?"

"நான்தாங்க" என்றாள் மருமகள்.

என் மகன் சிரித்தான், வண்டி விற்கிற சிரிப்பு. "என் வீட்டுக்காரிங்க. கையெழுத்து அழகா இருக்கும். நான்தான் எழுதச் சொன்னேன். ஆஸ்பத்திரியில பழக்கம் பாருங்க, எதுலயும் பேர எழுதிடுவா. வேணும்னா எங்கம்மாவக் கேளுங்க. பக்கத்துலயே உக்காந்து பாத்தவங்க."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. யாரு செஞ்சது?"

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"என் மகன்தான்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்க எனக்கு வாய் வரவில்லை. அவளை ஆக்க வந்தது.

"அப்ப திங்கக்கிழமை கடைக்கு வந்துடுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு அவர் போனார். அவர் தலை மறைந்ததும் இவன் அவளிடம், "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நீ வீட்டுல செஞ்சு குடு, வெளிய நான் பேசிக்கறேன். உனக்குத்தான் பேசவே வராதே. யார் பேர்ல இருந்தா என்ன, ஒரே வீடுதான?" என்றான்.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, சிக்கின ஒயரை எடுத்துவிட்டாள். பின்பலகையை மாட்டி நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினாள்.

திங்கட்கிழமை காலை அவன் இஸ்திரி போட்ட சட்டையில் கடைக்குக் கிளம்பிப் போனான். அவள் டீ குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். பைக்குள் இரண்டு மூன்று துணி, திருப்புளிகள் வைக்கிற உறை, அளவு நாடா. வேறெதுவும் எடுக்கவில்லை. எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கையைப் பிடிக்க முழங்கால் விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நான் பெத்தவளாச்சேம்மா. வேற என்ன சொல்லுவேன்?" என்றேன்.

"பெத்தது யாருன்னு அவர் கேக்கல அத்தை. செஞ்சது யாருன்னுதான் கேட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலா மேகமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு வந்து பொத்தானை அமுக்கினாள். டிவி முணுமுணுத்துக்கொண்டு முழுக்க இறங்கி நிற்கிறவரை குனிந்து ஒயரையே பார்த்தாள். பொத்தானை என் மடியில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ஜன்னலில் தெரு முழுக்கத் தெரிந்தது. மாடிவீட்டுக்காரி எதிரே வந்து ஏதோ கேட்டாள். அவள் நின்று ஏதோ பதில் சொன்னாள். பையைக் கை மாற்றிக்கொண்டாள். தெருமுனைவரை மெதுவாகத்தான் நடந்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் கூப்பிட்டிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும்.