மணிக்கட்டில் எட்டு எலும்பு

எக்ஸ்ரே அறையில் பதிமூன்று வருஷம் வேலை பார்த்தவள் அவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, சரி விடலாம்" என்று தினமும் அறுபது பேரிடமாவது சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவர் தும்மப் போனாலும் அதே வசனம்தான் வாயில் வரும். முப்பத்தேழு வயதில், மூன்றாவது முறை நுழைவுத் தேர்வு எழுதி, மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டாள். வகுப்பு தொடங்கப் பத்து நாள் இருந்தது.

கணவர் பஸ் டிரைவர். உடற்கூறியல் புத்தகம் வந்த அன்றே, "படம் எதுக்கு? ஆளே இருக்கேன்ல" என்று பனியனோடு தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். தோளில் தொடங்கி, எலும்பு எலும்பாகப் பேர் எழுதிக்கொண்டே வந்தாள். வலது மணிக்கட்டை எட்டும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்த இத்தனூண்டு இடத்தில் எட்டு எலும்பு. பொடி எழுத்தில் அத்தனையையும் அடைத்தாள்.

எழுதியது எக்ஸ்ரே படத்தில் குறிபோடும் மார்க்கரால். சோப்புக்கும் அசையவில்லை, எண்ணெய்க்கும் அசையவில்லை. மறுநாள் அந்தக் கையோடுதான் ஸ்டியரிங் பிடித்தார்.

"என்னண்ணே, தொலைஞ்சு போயிடுவீங்கன்னு அண்ணி விலாசம் எழுதி அனுப்பிட்டாங்களா?" என்றார் கண்டக்டர்.

இறங்கப் போன மருத்துவ மாணவி ஒருத்தி உற்றுப் பார்த்தாள். "அண்ணே, இதுல ரெண்டு எலும்போட பேர் இடம் மாறியிருக்கு. ட்ரபீசியம்தான் கட்டைவிரல் பக்கம் வரணும்."

சாயங்காலம் அவர் இதை வெள்ளந்தியாக வந்து சொல்ல, அவள் முகம் வாடிவிட்டது.

"இத்தனை வருஷமா எலும்பைத்தானே பார்த்தேன், அதுலயே கோட்டை விட்டுட்டேனே. சின்னப் பசங்க நடுவுல எப்படிங்க தாக்குப்பிடிப்பேன்? பழைய வேலைக்கே போயிடறேன்." புத்தகத்தை அலமாரி உச்சியில் தூக்கி வைத்தாள்.

அவர் ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை இறக்கினார். இடது கையை நீட்டினார்.

"இந்தக் கை சும்மாதானே இருக்கு. இதுல சரியா எழுது."

"பஸ்ல சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். தப்பிருந்தா அந்தப் பொண்ணு சொல்லிடும்."

அழுகையும் சிரிப்புமாக எழுதி முடித்தாள். மறுநாள் பஸ்ஸில் அவர் மனைவி படிக்கப் போவதைச் சொல்லிக் கையை நீட்ட, அந்தப் பெண் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "எட்டும் சரிண்ணே. எனக்கே முதல் வருஷம் இது மாறித்தான் போச்சு, அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள்.

வகுப்பு தொடங்கிய நாளில் அவள் உள்ளே நுழைந்ததும், ஆசிரியை என்று நினைத்து மொத்தப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். காது சிவந்துபோய், "உட்காருங்கப்பா, நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள். சிரிப்பலை அடங்குவதற்குள் மூன்றாவது வரிசையில் ஒருத்தி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.