எழுந்திருக்கும் முன் ஒரு நிமிஷம்

தூண் என்று பெயர் வைத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது போட்டுக்கொடுத்து நான் அசடு வழிய வேண்டாம். எங்கள் கடையின் இரண்டாம் மாடியில் நிஜமாகவே நான்கு தூண்கள் உண்டு. படுக்கை விரிப்புப் பிரிவில் அசையாமல் நின்றுகொண்டிருந்த, கூட வேலை செய்யும் அக்காவைக் காட்டி, "இந்த மாடிக்கு அஞ்சு தூண்" என்று ஒரு நாள் வாய்த்துடுக்காகச் சொல்லிவைத்தேன். சாயங்காலத்துக்குள் கீழ்த்தளம் வரைக்கும் பரவிவிட்டது. அவள் காதிலும் விழுந்தது. கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "இருக்கட்டும்" என்றாள். அந்த நாட்களில் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒன்று "இருக்கட்டும்", இல்லாவிட்டால் "இருக்கு". மூன்றாவதாக ஒரு வார்த்தை வந்தால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

விரிப்பு, தலையணை உறை, துண்டு, திரைச்சீலை விற்கும் கடை அது. அக்காவுக்கு அங்கே பதினாலு வருஷம். அவளுக்கு அடுத்த கவுண்டரில் திரைச்சீலைக்கு நான், பதினொரு வருஷம். விரிப்புகளைத் தரையில் விரித்துக் காட்டுவதால் மாடியில் யாரும் செருப்புப் போடக் கூடாது. காலை பத்து மணிக்கு வெறுங்காலோடு டைல்ஸ் மேல் ஏறி நின்றால் இறங்குவது ராத்திரி எட்டுக்குத்தான். நடுவில் உட்கார்ந்தால் மேனேஜர் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கே எங்களுக்கெல்லாம் முதுகு நிமிர்ந்துவிடும்.

அக்காவின் இடது குதிகாலில் வலி வந்து மூன்று வருஷம் ஆகிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியில் மிதித்த மாதிரி இருக்குமாம். பத்து அடி நடந்தால் கொஞ்சம் அடங்கும். நின்றுகொண்டே இருந்தால் மரத்துப்போய்விடும். கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆணி.

காலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றால் ஊரில் எல்லாரும் டாக்டர்தான். பில் போடுகிறவர் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார். திரை தைக்கிற டெய்லர் கணுக்காலில் இறுக்கிக் கட்டச் சொன்னார். மேனேஜர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். அவளிடம் குறைக்க என்ன இருந்தது, எலும்பைக் கழற்றி வைத்தால்தான் உண்டு. அவளும் ஒருவர் சொன்னதையும் தட்டவில்லை, எல்லாவற்றையும் செய்தாள். சரியாகும் என்று நம்பிச் செய்ததாகத்தான் தெரியவில்லை.

இதற்கு நடுவில்தான் அவள் வீட்டுக்காரர் போனார். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். நெஞ்சில் சளி கட்டி, இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு மத்தியானம் முடிந்துபோனார். பிள்ளை குட்டி கிடையாது. எட்டாம் நாள் அக்கா வேலைக்கு வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சவுகரியமாக இருந்திருக்கும். தோளைத் தட்டி நாலு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்போம். அவளோ வந்தவுடன் இரட்டைக் கட்டில் விரிப்புகளை அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "எப்படிக்கா இருக்கே?" என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். என்ன இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவள் உட்காருவதை நான் பார்க்கவில்லை. சாப்பாட்டு வேளையில்கூட டப்பாவை அலமாரி மேல் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டால், "உக்காந்தாத்தானே எந்திரிக்கணும்" என்பாள். எழுந்திருக்கும்போதுதானே குத்துகிறது, உட்காராவிட்டால் குத்தாது. கணக்கு சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு என்ன தலையெழுத்து. அப்போதுதான் தூண் என்று பெயரும் வைத்தேன்.

பிறகு, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் மாடிக்கு மூன்று ஸ்டூல் வந்தன. முதல் வாரம் அதற்கு நடந்த அடிதடியை எழுதினால் மானம் போகும். அக்காவுக்கென்று விட்டுவைத்த ஸ்டூலில் மட்டும் தலையணை உறைகள் உட்கார்ந்திருந்தன.

ஒரு நாள், உத்தரவு நடக்கிறதா என்று பார்க்கத் தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். நாங்கள் இரண்டு பேர் ராணி மாதிரி ஸ்டூலில் இருக்க, அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா நிக்கறீங்க? ஸ்டூல் இருக்கே."

"நிக்கறதே வசதி சார்."

"யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார்."

பயந்தவர்கள் எல்லாரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. அவர் மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் ஒரு விரிப்பை எடுத்து வரும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு அவள் நடையைக் கவனித்தார். அவள் நொண்டி நொண்டிப் போய்வந்தாள். அவர் இரண்டு வரி எழுதிக்கொண்டார். மறு வாரம் கடைக்கு நோட்டீஸ் வந்தது, ஒரு மாதத்தில் மறுபடி வந்து பார்ப்போம் என்று.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "உக்காராதே உக்காராதேன்னு இத்தன வருஷம் கத்தி என் தொண்டை போச்சு. இப்ப உக்காருங்கன்னு கெஞ்ச வேண்டியிருக்கு. அவரு அடுத்த தடவ வர்றப்ப நீங்க உக்காந்திருக்கணும், எந்திரிச்சா நொண்டாம நடக்கணும். ரெண்டும் முடியலேன்னா கோடவுனுக்குப் போயிடுங்க."

கோடவுன் என்பது அடித்தளம். ஏணியில் ஏறி மூட்டை இறக்கும் வேலை. அந்தக் குதிகாலோடு அவள் இரண்டு நாள் தாங்க மாட்டாள். மேனேஜர் சொன்னதற்கு வீட்டுக்குப் போ என்று அர்த்தம், அது எல்லாருக்கும் தெரியும். அன்று பஸ் நிறுத்தத்தில் அக்கா நீளமாக ஒரு வாக்கியம் பேசினாள்.

"அந்த வீட்ல பகல்ல என்னால இருக்க முடியாதுடி."

அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு அறை. ஜன்னல் பக்கம் அவர் கட்டில். ஆணியில் தொங்கும் பையில் அவருடைய ஸ்பேனர்கள்.

மறுநாள் லீவு போட்டு, அவளைப் பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெண், கையில் நல்ல அழுத்தம். குதிகாலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். "வலி பத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டாள். அக்கா, "இருக்கு" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒன்பது என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

உள்ளங்காலுக்கு அடியில் பட்டை மாதிரி ஒரு தசைநார் ஓடுகிறதாம். ஓய்வில் இருக்கும்போது அது சுருங்கிக்கொள்ளும். சட்டென்று எழுந்து பாரத்தைப் போட்டால் வெடுக்கென்று இழுபடும், அதுதான் அந்த ஆணி. "அதுக்காக நாள் பூரா நிக்கக் கூடாதும்மா. நின்னு நின்னுதான் இது வந்ததே. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ உக்காருங்க. எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு துண்ட முன்பாதத்துல மாட்டி உங்க பக்கம் இழுத்துப் பிடிங்க. ஒவ்வொரு காலுக்கும் முப்பது எண்ணணும். மொத்தம் ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் இல்லாம எந்திரிக்கவே கூடாது."

அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு நிமிஷமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மீதி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டினாள். சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டினாள். மாடிக்குள் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்ள மேனேஜரே அனுமதி கொடுத்தார், நோட்டீஸ் பயம். நான் கரை பிய்ந்த துண்டு ஒன்றைத் தேடி எடுத்து ஸ்டூல் மேல் வைத்தேன். அதை மட்டும் அவள் தொடவில்லை. ஸ்டூலிலும் உட்காரவில்லை. ஒரு வாரம் போனது. பத்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

கடை திறக்குமுன் மாடிப்படியில் வைத்துப் பிடித்தேன். "வேலைய விட்டுட்டுப் போகணும்னு ஆசையா? ஒரு நிமிஷம் உக்காந்து கால நீட்ட உனக்கு என்னக்கா கேடு?" என்று கத்தினேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். விரிப்பின் அளவைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல பெஞ்சு. மத்தியானம் மூணு மணி. ரெண்டு நாளா நிக்கறேன்னு நர்ஸுதான் உக்காரச் சொன்னாங்க. உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல கதவத் திறந்து, சீக்கிரம் வாங்கம்மான்னு கூப்பிட்டாங்க. எந்திரிச்சேன். குதிகால ஊனவே முடியல. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் போனேன். பன்னெண்டு அடிதான். முடிஞ்சிருச்சு."

அந்த நேரத்தில் யாரும் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "முன்னாடியே போயிருந்தா மட்டும் என்னக்கா பண்ணியிருப்பே?"

"பக்கத்துல நின்னிருப்பேன். வேற என்ன."

தூண் என்று சிரித்த வாயில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் திரைகளுக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவள் கவுண்டருக்குள் போய் நின்றேன். "இதப் பாருக்கா. நீ உக்காந்து எண்ணி முடிக்கற வரைக்கும் உன் இடத்துல நான் நிக்கறேன். யார் கூப்பிட்டாலும் நான் போறேன். ஒருத்தர் நின்னாப் போதும்ல?"

அக்கா தலையணை உறைகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். துண்டை மாட்டி இழுத்தாள். பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாள். குத்தியது, விரிப்புக் கட்டின் மேல் சாய்ந்துகொண்டாள். சாயங்காலம் பதினைந்து வரை போனாள். இரண்டாம் வாரம் முடியும்போது முப்பதும் முப்பதும் எண்ணினாள், நான் பக்கத்தில் நின்றால் மட்டும். ஒரு காலையில், நான் கேட்காமலே, "குறைஞ்சிருக்கு" என்றாள். ஆணி இல்லையாம், இப்போது கூழாங்கல் மாதிரி இருக்கிறதாம்.

ஆய்வாளர் மறுபடி வந்த அன்று பார்த்து நான் ஏணி உச்சியில் இருந்தேன். இரண்டு கையிலும் திரைச்சீலைக் கம்பி. அக்கா ஸ்டூலில். மாடிப்படி முனையில் மேனேஜரும் ஆய்வாளரும் தலைகாட்டிய அதே நேரம், ஒரு அம்மாள் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தவள் போல நேரே விரிப்புப் பிரிவுக்குள் நுழைந்தாள்.

"யாரும்மா இங்க? சீக்கிரம் வாங்க!"

நான் இறங்கி வருவதற்குள் அக்கா எழுந்துவிடுவாள், இரண்டடியில் நொண்டுவாள், ஆய்வாளர் பேனாவை எடுப்பார். மேனேஜரோ அங்கிருந்தே கண்ணால் ஜாடை காட்டினார். எழு என்கிறாரா, உட்கார் என்கிறாரா, அது அவருக்கே தெரிந்திருக்காது. அக்காவின் இரண்டு கையும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தன. உடம்பு முன்னால் வந்தது. அப்படியே கொஞ்சம் இருந்தாள். பிறகு பின்னால் சாய்ந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றாள்.

துண்டை எடுத்து இடது காலில் மாட்டினாள். நான் ஏணியில் நின்றபடி எண்ணினேன். முப்பது. கால் மாற்றினாள். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், உச்சுக்கொட்டினாள், ஆனால் நின்றாள். மறுபடி முப்பது. அக்கா துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து, நேராக நடந்து போய், "என்ன அளவும்மா?" என்று கேட்டாள். ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

அந்த அம்மாள் ஆறு விரிப்பை விரிக்கச் சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். மீதி ஐந்தை மடிக்க நான் போனேன். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி, உதறி, பாதியாக்கி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது விரிப்பை உதறும்போது அக்கா சொன்னாள்.

"அந்த அம்மா யாருன்னே தெரியாது. அவங்க ஒரு நிமிஷம் நின்னாங்க பாரு."

"ம்."

"அவரும் நின்னிருக்கலாம்ல?"

அக்காவின் குரலில் கோபம் இருந்தது. வீட்டுக்காரர் போன இத்தனை நாளில் முதல் தடவையாக அவர்மேல் கோபம். கண் மட்டும் காய்ந்தே இருந்தது. நான் என் முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"என்ன நீ தூண் மாதிரி நிக்கறே?" என்றாள் அக்கா. "முனையக் கொண்டா."